மெழுகு, நூல், கௌதாரி: ஒரு பள்ளிப் போட்டியின் நிகழ்வு ஆய்வு

முதல் வருடம் எங்கள் கிரேக்கப் புராணப் போட்டிக்குப் பதினொரு டிராய் குதிரைகள் வந்தன, வீரர்கள் வயிற்றுக்குள் ஒளிந்துபோன கதையில் வரும் அந்த மரக்குதிரை. ஒன்றுக்குச் சக்கரம் இருந்தது. இன்னொன்றின் வயிற்றுக் கதவு பேட்டரியில் திறந்தது. அதைத் தூக்கிவந்த பையனிடம், உள்ளே ஒளிந்திருந்தவர்கள் யார் என்று கேட்டேன். "தெரியாது மிஸ், அப்பா இன்னும் ஆள் வைக்கல" என்றான்.

மாறுவேடப் போட்டிக்கு ஒட்டுமீசையோடு வரிசையில் நிற்கும் முப்பது பாரதியார்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். போட்டி குழந்தைகளுக்கு, வேலை வீட்டுக்கு. ஆனால் எங்கள் பள்ளியில் நடந்தது அது மட்டுமில்லை. இரண்டாம் வருடம் அதே வயதுக் குழந்தைகள், அதே கட்டடம், அதே கிரேக்கப் புராணம். வந்த படைப்புகள் மட்டும் வேறு. எதை மாற்றியதால் அப்படி ஆனது, எதில் சறுக்கினோம் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவளாக எழுதிவைக்கிறேன்.

இடம், ஆட்கள்

லண்டனின் வடமேற்கில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி. நான் மதுரைக்காரி, அங்கே வகுப்பு உதவியாளராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளில் குஜராத்தி, ருமேனியன், சோமாலி, ஈழத்தமிழ் என்று வீட்டில் பேசும் மொழி பலவாக இருக்கும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பண்டைய கிரேக்கத்தைப் படித்தாக வேண்டும். எங்கள் பள்ளியில் அது ஐந்தாம் ஆண்டில், ஒன்பது பத்து வயதில் வருகிறது. பாடத்தோடு ஒரு போட்டியும் வைக்கலாம் என்று சொன்னவர் நூலகர். அவரும் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியரும் நானும் சேர்ந்து நடத்தினோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம்.

முதல் வருடக் கேள்வி இதுதான்: உனக்குப் பிடித்த கிரேக்கப் புராணக் கதையை உன் விதத்தில் சொல். எழுதலாம், வரையலாம், செய்யலாம், நடிக்கலாம். இதைவிடச் சுதந்திரம் என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

குதிரைகள் வந்தன. கூந்தலே பாம்பான அரக்கி மெடூசாவின் தலைகள், ரப்பர் பாம்பு ஒட்டி வந்தன. எழுத்தில் வந்தவற்றில் பாதி இகாரஸ் கதை. அத்தனையும் ஏறக்குறைய ஒரே வரியில் முடிந்தன: ஆகையால் அப்பா சொல்வதைக் கேட்க வேண்டும். காகிதக்கூழில் செய்த மினோட்டாருக்கு, அதாவது காளைத்தலை மனிதனுக்கு, முதல் பரிசு கொடுத்தோம். பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது நூலகர் மெல்லச் சொன்னார், "நாம பரிசு கொடுத்தது ஒரு தாத்தாவுக்கு."

பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை, எல்லாம் திரையால் வந்த கேடு என்று அன்றைக்கு ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் தலையாட்டினேன். அது தப்பான முடிவு என்பது கோடை விடுமுறைக்கு முன் இகாரஸ் கதைகளை மேசையில் பரப்பிவைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. எல்லாரும் ஒரே அரைப்பக்கச் சுருக்கத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அந்தச் சுருக்கத்தில் அப்பா இறக்கை செய்கிறார், எச்சரிக்கிறார், மகன் மேலே போகிறான், விழுகிறான். கடைசியில் நீதி. பாட்டி வடை சுட்ட கதை மாதிரி மூடி முத்திரை குத்திய டப்பா. உள்ளே நுழைய ஓர் ஓட்டை இல்லாத கதைக்குப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே கதை, முழுசாக

இரண்டாம் வருடம் மூன்று விஷயங்களை மாற்றினோம். அதில் பெரியது, கதைகளை ஒன்றாகக் குறைத்தது. முப்பது கதையிலிருந்து பொறுக்கிக்கொள் என்பதற்குப் பதில் இகாரஸ் கதை ஒன்றுதான். ஆனால் சுருக்கம் இல்லை. ரோமானியக் கவி ஓவிட் கி.பி. 8ஆம் ஆண்டை ஒட்டி முடித்த 'உருமாற்றங்கள்' என்ற நெடுங்காப்பியத்தில் அது எட்டாம் புத்தகத்தில் இருக்கிறது. மொத்தம் பதினைந்து புத்தகம், இருநூற்றைம்பது கதை என்பார்கள். இந்தப் பகுதியை உரைநடை மொழிபெயர்ப்பில் வியாழக்கிழமை மதியங்களில் நூலகர் சத்தமாக வாசித்தார். மினோட்டார் பிறந்த கதையை மட்டும் தாண்டிவிட்டோம். ஒன்பது வயதுக்குச் சொல்லும் கதை இல்லை அது.

முழுசாக வாசிக்கும்போதுதான் சுருக்கம் எதையெல்லாம் விழுங்கியிருக்கிறது என்று தெரிகிறது. இகாரஸின் அப்பா டீடலஸ் ஏதென்ஸ் நகரத்துக் கைவினைஞர். கிரீட் தீவில் மினோஸ் அரசனிடம் மாட்டிக்கொண்டவர். நிலமும் கடலும் அடைபட்டாலும் வானம் திறந்திருக்கிறதே என்று இறக்கை செய்கிறார். இறகுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசை கட்டி, நடுவில் நூலாலும் அடியில் மெழுகாலும் இணைக்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன் காற்றில் பறக்கும் இறகைப் பிடிக்கிறான். மஞ்சள் மெழுகைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்கிறான். விளையாட்டுத்தனத்தால் அப்பா வேலையைக் கெடுக்கிறான்.

இந்த வரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் ஒரு தந்திரம் செய்திருந்தோம். ஒவ்வொரு மேசையிலும் தேன்மெழுகுத் தகடு ஒன்று, ஒரு கைப்பிடி இறகு, சணல் நூல். யாரும் தொடாதீங்க, முதலில் கேளுங்க என்று வகுப்பாசிரியர் தெளிவாகச் சொன்னார். இரண்டு நிமிடம் தாங்கியது. அப்புறம் ஒரு விரல், பத்து விரல், முப்பது கட்டைவிரல். மெழுகு கைச்சூட்டில் இளகும்போது அதை அமுக்காமல் இருக்க மனிதப் பிறவியால் முடியாது, நானே அமுக்கிக்கொண்டிருந்தேன். நூலகர் தலை தூக்காமல் அந்த வரியை வாசித்தார். வகுப்பு ஒரு நொடி அசையாமல் இருந்தது. பிறகு முதல் பெஞ்சுப் பெண் தன் விரலைப் பார்த்தாள். அடுத்து எழுந்த சிரிப்பு பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து இகாரஸ் கீழ்ப்படியாத பையன் என்று யாரும் எழுதவில்லை. அவர்களில் ஒருவனாகிவிட்டான்.

அடுத்து எச்சரிக்கை. சுருக்கங்களில் 'உயரப் போகாதே' மட்டும் இருக்கும். ஓவிட்டின் டீடலஸ் இரண்டு சொல்கிறார்: தாழப் பறந்தால் தண்ணீர் இறகைக் கனமாக்கும், உயரப் பறந்தால் வெயில் எரிக்கும், நடுவில் போ. "அப்போ பயந்து பயந்து கீழேயே போனாலும் சாவுதானா?" என்று ஆறாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். நடு என்பது எவ்வளவு அகலம் என்று இன்னொருவன். இதைச் சொல்லும்போது டீடலஸின் கன்னம் நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. அதுவும் சுருக்கத்தில் கிடையாது.

அப்புறம் கௌதாரி. மகனின் உடலை டீடலஸ் புதைத்துக்கொண்டிருக்கிறார். சேற்றுக்குழியிலிருந்து ஒரு கௌதாரி பார்க்கிறது. சிறகைத் தட்டி மகிழ்ச்சியாகக் கூவுகிறது. ஏன்? அது ஒரு காலத்தில் பெர்டிக்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். டீடலஸிடம் தொழில் கற்க அனுப்பப்பட்டவன். மீன்முள்ளைப் பார்த்து ரம்பத்தைக் கண்டுபிடித்தான். வட்டம் போடும் கவராயத்தையும். பொறாமையில் டீடலஸ் அவனை ஏதென்ஸ் கோட்டை உச்சியிலிருந்து தள்ளிவிட்டார். மினெர்வா தேவி விழும்போதே அவனைப் பறவையாக்கிக் காப்பாற்றினாள். அந்தப் பழைய வீழ்ச்சி நினைவிருப்பதால்தான் கௌதாரி உயரப் பறப்பதில்லை, வேலிப்புதரில் முட்டையிடுகிறது என்கிறார் ஓவிட்.

இந்தப் பையன் டீடலஸின் அக்கா மகனோ தங்கை மகனோ. எப்படியும் உடன்பிறந்தவள் பிள்ளை. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று வாசித்தபோது வகுப்பு சாதாரணமாகத்தான் கேட்டது. அங்கிள் என்பது பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். எனக்குத்தான் வயிற்றில் என்னவோ செய்தது. தாய்மாமன்! காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்கிறவர். அருகிலிருந்த ஈழத்துப் பையனிடம் தமிழில், "அம்மாவோட அண்ணன் தம்பிடா, மாமா" என்று கிசுகிசுத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "மாமாவா தள்ளினவர்?" என்றான். அந்தப் பருவம் முழுக்க அவன் என்னிடம் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

கடைசி வியாழன், ஓவியம். பிரஸ்ஸல்ஸ் அரசு நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'இகாரஸ் விழும் நிலக்காட்சி'யை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். ஓவியர் பீட்டர் புரூகல் பெயரில் அறியப்படுவது. அவர் கைப்பட வரைந்ததா, தொலைந்த மூலத்தின் நகலா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. இகாரஸைக் கண்டுபிடியுங்கள் என்றோம். முன்னால் பெரிதாக உழுகிறவர். ஆட்டிடையர். தூண்டில்காரர். கப்பல். ரொம்ப நேரம் கழித்து ஒருவன் கத்தினான், "கால்! கால்!" வலது கீழ்மூலையில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், தண்ணீரிலிருந்து இரண்டு கால்கள். ஓவிட்டில் இந்த மூவரும் அண்ணாந்து பார்த்து, பறக்கிறவர்கள் கடவுளராக இருக்க வேண்டும் என்று மலைக்கிறார்கள். ஓவியத்தில் விழுந்தவனை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. நாங்கள் சொல்லாமலே பிள்ளைகள் மேலும் இரண்டைப் பிடித்தார்கள். கால்களுக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு பறவை, கௌதாரியேதான். இன்னொன்று, சூரியன் அடிவானத்தில் கிடக்கிறது. அவ்வளவு தாழ்ந்த வெயிலில் மெழுகு எப்படி உருகியது என்று கேட்டார்கள். பதில் இல்லை, அதை வைத்து எழுது என்றோம்.

மற்ற இரண்டு மாற்றங்கள்

எல்லாம் பள்ளிக்குள்ளேயே, இரண்டு மதியங்களில் செய்து முடிக்க வேண்டும். ஒரு பெரிய தாள், பென்சில், கத்தரி, மெழுகு, நூல். எழுதினால் ஒரு பக்கத்துக்குள். வீட்டிலிருந்து எதுவும் வரக்கூடாது. தாத்தாக்களுக்கு விடுமுறை.

கேள்வியும் மாறியது: இந்தக் கதையில் பேசாத ஓர் ஆள், அல்லது ஒரு பொருள். அது பேசினால் என்ன சொல்லும்? ஒரு நிபந்தனை: வாசித்த கதையில் எந்த வரியிலிருந்து உன் யோசனை கிளம்பியது என்று தாளின் பின்பக்கம் எழுதவேண்டும். இந்த நிபந்தனை நூலகருடையது. நான் எதிர்த்தேன், பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. வரியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டும்போதுதான் பலருக்குக் கதையில் புதிது புதிதாக ஏதோ கிடைத்தது.

என்ன வந்தது

எல்லாமே நன்றாக வந்தது என்று சொன்னால் பொய். சூரியன் மன்னிப்புக் கேட்கும் கடிதம் ஐந்து. மினோஸ் அரசன் தொலைக்காட்சிப் பேட்டி கொடுப்பது நாலு, அதில் மூன்று ஒரே மேசையிலிருந்து. நடிப்புப் பிரிவு அடியோடு சொதப்பியது. இரண்டு மதியத்தில் நாடகம் தயாரிக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் புதிதாக வந்த ருமேனியச் சிறுமி ஒருத்தி மட்டும் சொல்லே இல்லாமல், சன்னலடியில் கையால் நிழல் பறவை காட்டி, கையைச் சட்டென்று விரித்து மூடினாள். மொத்தம் அரை நிமிடம்.

மற்றபடி எனக்கு மறக்காதவை இவை.

விபத்து விசாரணை அறிக்கை ஒன்று. எழுதியவன் ஆறாம் ஆண்டு, விமானப் பைத்தியம். டீடலஸ் முதலில் தானே இறக்கை கட்டிக் காற்றில் மிதந்து பார்த்தார் என்ற வரியிலிருந்து தொடங்கியிருந்தான். 'வடிவமைப்பாளர் தன் எடைக்குச் சோதித்தார். இரண்டாம் விமானியின் பயிற்சி நேரம்: பூஜ்யம்.' மேலே போகப் போகக் குளிரத்தானே செய்யும், ஒரு கிலோமீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையுமே. தேன்மெழுகு உருக அறுபது டிகிரிக்கு மேல் வேண்டுமே என்று கணக்குப் போட்டு, 'மெழுகின் மேல் சுமத்தப்பட்ட குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று முடித்திருந்தான்.

'இவனுக்கு அம்மா இல்லையா?' என்று கேட்டவள் ஒருத்தி. ஓவிட் அம்மாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அப்பலோடோரஸ் பெயரில் வழங்கும் கிரேக்கப் புராணத் தொகுப்பில் ஒரே ஒரு குறிப்பு உண்டு: நௌக்ராட்டே, மினோஸின் அடிமைப் பெண். நூலகர் அதைத் தேடி எடுத்துக்கொடுத்தார். அந்தச் சிறுமி எழுதிய கடிதத்தில் அம்மா அழவில்லை, திட்டவில்லை. அடுப்படியில் மெழுகுத்திரி குறைந்திருப்பதைப் பார்க்கிறாள். தலையணையில் இறகு குறைந்திருப்பதைப் பார்க்கிறாள். யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள். மூன்றாவது இறக்கை செய்ய ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஒரு வரி. அந்தத் தாளை நான் இரண்டு தடவை படித்தேன்.

நூல் பேசியதும் உண்டு. எழுதியவள், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திடுக்கிடும் பெண். 'மெழுகு உருகியது. நான் உருகவில்லை. நடுவில் இருந்தேன். என்னை இன்னும் கொஞ்சம் கட்டியிருக்கலாம்.' நாலே வரி. பக்கத்தில் நிஜ நூலில் கோர்த்த ஓர் இறகு, அடிப்பாகம் காலியாக.

அப்புறம் அந்த ஈழத்துப் பையன். இரண்டு மதியமும் குனிந்த தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தான். மாலையில் அவன் அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரீச்சர், இவன் பள்ளிக்கூடத்தில கதைக்கிறானோ? வீட்டில ஒண்டும் சொல்லுறானில்லை. தனிய இருந்து கீறிக்கொண்டே இருக்கிறான். அம்மம்மாவோட மட்டும்தான் கதை" என்றார். கீறுவது என்றால் அவர்கள் ஊரில் வரைவது. எனக்கு அந்தச் சொல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்துவதாகப் படும். அவன் பென்சிலை அழுத்தும் அழுத்தம் அப்படி.

படத்தில் கடல் இருந்தது. டீடலஸ் முன்னால், இகாரஸ் பின்னால். இருவருக்கும் மேலே, தாளின் அகலம் முழுக்க, சிறகு தீப்பிடித்த ஒரு பெரிய கழுகு. வகுப்பாசிரியர் ஃபீனிக்ஸ் என்று நினைத்து, அழகாக இருக்கிறது, ஆனால் கதையில் இல்லையே என்றார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சம்பாதி.

ராமாயணம் தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். சம்பாதியும் ஜடாயுவும் அண்ணன் தம்பி. சூரியனை நோக்கிப் பறக்கிறார்கள். தம்பி வெப்பம் தாங்காமல் துவள்கிறான். அண்ணன் தன் சிறகை விரித்து அவனுக்கு மேலே நிழலாகப் போகிறான். தம்பி பிழைக்கிறான், அண்ணனின் சிறகு கருகி மலைமேல் விழுகிறான். அம்மம்மா சொல்லியிருக்கிறார்.

பின்பக்கத்தில் அவன் எடுத்தெழுதிய வரி, டீடலஸ் பறந்துகொண்டே திரும்பித் திரும்பி மகனின் இறக்கையைப் பார்த்தார் என்பது. அதன் கீழே ஒரு கேள்வி: ஏன் முன்னால் பறந்தார்? மேலே பறந்திருக்கலாமே?

ஓவிட்டுக்கு உரை எழுதியவர்களில் யாராவது இதைக் கேட்டிருக்கலாம். என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

ஏற்றுக்கொள்வதா என்று ஒரு சச்சரவு. கிரேக்கக் கதைப் போட்டியில் இந்தியக் கழுகு எப்படி வரலாம்? வகுப்பாசிரியர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதை விட்டால் அடுத்த வருடம் ஸ்பைடர்மேன் வருவான். முடிவு செய்தது நூலகரின் நிபந்தனைதான். வரி இருக்கிறது, யோசனை அந்த வரியிலிருந்து கிளம்பியிருக்கிறது, பறவை எந்த ஊராக இருந்தால் என்ன. நான் வாக்குக் கொடுப்பதிலிருந்து விலகிக்கொண்டேன். அந்தப் படத்தை நான் நடுநிலையோடு பார்க்கிறேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

பாதி வாக்கு

பரிசைத் தீர்மானிக்கப் பண்டைய ஏதென்ஸ் முறையையே எடுத்துக்கொண்டோம். அங்கே வசந்தத்தில் மதுக்கடவுள் டயோனைசஸுக்கு விழா. மூன்று நாடகாசிரியர்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகமும் ஒரு கேலி நாடகமும் போட்டு மோதுவார்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த பழைய புராணக் கதைகள்தான். யார் எப்படித் திருப்பினார் என்பதில்தான் சுவாரசியம். பழங்கதைக்குப் புதுப் பதில் சொல்லும் போட்டிகளில் மூத்தவற்றில் அதுவும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொன்னோம். பத்துக் குலங்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பத்து நடுவர்கள். பத்துப் பேரும் தரவரிசை எழுதிப் பாத்திரத்தில் போட, அதிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்து முடிவு சொல்வார்கள். யாருக்கு லஞ்சம் கொடுத்தாலும் அவர் சீட்டு வெளியே வருமா என்று உறுதி இல்லை.

எங்கள் பத்துப் பேரில் கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஏழு, மதியச் சாப்பாடு பரிமாறும் அம்மா ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், கட்டடத்தைப் பராமரிப்பவர் ஒருவர். பாத்திரத்துக்குக் குவாலிட்டி ஸ்ட்ரீட் மிட்டாய் டப்பா. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் கிடையாது. ஐந்து சீட்டு எடுத்தார் தலைமையாசிரியர். நூலுக்கு முதல் பரிசு. விபத்து அறிக்கை இரண்டு, அம்மா கடிதம் மூன்று. சம்பாதிக்கு எதுவும் இல்லை.

மீதி ஐந்து சீட்டு டப்பாவில் கிடந்தன. பிரித்துப் பார்க்க எனக்குக் கை அரித்தது. நடுவராக இருந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி, ஏதென்ஸில் பார்க்கமாட்டார்கள், நாமும் பார்க்கக் கூடாது என்று டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டோம்.

அடுத்த வாரம் புகார் வந்தது. பத்து வாக்கு வாங்கி ஐந்தைக் குப்பையில் போடுவது என்ன நியாயம் என்று ஒரு தாய் கேட்டார். கி.மு. 431இல் அந்த ஏதென்ஸ் போட்டியில் யூரிப்பிடிஸின் மெடியா நாடகம் இடம்பெற்ற தொகுதிக்கே மூன்றாமிடம்தான், அதாவது கடைசி. முதலில் வந்த யூபோரியனின் நாடகங்கள் இன்றைக்குக் கையில் இல்லை, மெடியாவை இன்னும் போடுகிறார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் மகள் யூரிப்பிடிஸ் இல்லையே, அவளுக்கு ஒன்பது வயசுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. லஞ்சத்துக்குப் பயந்து உருவான முறையை, லஞ்சம் கொடுக்க ஆளில்லாத இடத்தில் அழகுக்காகக் கொண்டுவந்துவிட்டோம். மூன்றாம் வருடத்திலிருந்து பத்துச் சீட்டும் எண்ணப்படும். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டப்பாவிலிருந்து சீட்டு வரும்போது மண்டபத்தில் இருந்த அமைதி இனி இருக்காது.

இந்த மாற்றங்களால் பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்ததா, தேர்வில் ஏறியதா என்று நாங்கள் அளக்கவில்லை. அளந்திருந்தாலும் அந்தக் கணக்கை நான் ரொம்ப நம்பியிருக்க மாட்டேன். அதே பருவத்தில் வகுப்புக்கு ஒரு நல்ல ஆசிரியரும் வந்திருந்தார். வியாழக்கிழமைகளை இதற்குக் கொடுத்ததில் ஓவிய வகுப்பு பாதி போயிற்று, அதற்கு முணுமுணுப்பும் இருந்தது. வேறு பள்ளியில் செய்ய நினைக்கிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: கதையை முழுசாக வாசியுங்கள், சுருக்கத்தில் விட்டுப்போன இடத்தில்தான் பிள்ளை உட்காரும். பின்பக்கத்து ஒற்றை வரி நிபந்தனையையும் விடாதீர்கள். சீட்டுக் குலுக்கலை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

பரிசு கிடைக்காத படங்களை ஒரு வாரம் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தோம். கழட்டிய அன்று அந்தப் பையன் வந்து தன் படத்தைக் கேட்டான். "அம்மம்மாவுக்குக் காட்டோணும்" என்றான். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, சம்பாதிக்குச் சிறகு திரும்ப முளைக்குமாம், அதையும் கீறியிருக்கோணுமாம், அம்மம்மா சொன்னவா என்று கொஞ்சம் கோபமாகச் சொன்னான்.

நூலகத்துக் கம்பளத்தில் ஒட்டிய மெழுகைப் பராமரிப்பாளர் பழுப்புத்தாள் விரித்து, இஸ்திரிப்பெட்டி வைத்து, முட்டி போட்டு ஒரு மதியம் முழுக்க எடுத்தார். இந்த வருடத்துக்கு நாங்கள் எடுத்திருப்பது அரக்னியின் கதை. மினெர்வாவோடு நெசவுப் போட்டி போட்டுச் சிலந்தியானவள். சுற்றறிக்கை போன அன்றே அவர் நூலக வாசலில் வந்து நின்றார். நெசவுதானே, நூல் மட்டும்தானே, மெழுகு கிடையாதே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்.